ஒரு செட், இரண்டு படம்

ஆறு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் மூன்றரைக்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது என் அத்தையின் கொள்கை. ரயிலுக்கும் இப்படித்தான், முகூர்த்தத்துக்கும் இப்படித்தான். 78 வயதில் யார் போய் மாற்றுவது? வடபழனி விஜயா மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பகுதியில் ஓரமாக ஒரு நாற்காலியைப் பிடித்து, பையை மடியில் வைத்து, ஸ்கேன் உறை, பழைய மருந்துச் சீட்டு எல்லாம் இருக்கிறதா என்று இரண்டு முறை துழாவிவிட்டு, அதன் பிறகுதான் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"இந்த எடத்துலதானடா எம்.ஜி.ஆர். ரெண்டு பேரா வந்தாரு?"

பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். அத்தை சொன்னது ‘எங்க வீட்டுப் பிள்ளை’யை. 1965 பொங்கலுக்கு வந்த படம். அத்தைக்கு அப்போது பதினெட்டு வயது. மாயவரத்தில் ஒரே வாரத்தில் மூன்று தடவை பார்த்ததாகச் சொல்வாள். தாத்தா உயிரோடு இருந்தவரை ஒரு தடவை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆமா அத்தை. விஜயா வாகினி ஸ்டூடியோ இங்கதான் இருந்துது."

"இங்கன்னா எங்க? எந்த ஃப்ளோர்ல எடுத்தாங்க? போய் யாரையாவது கேட்டுட்டு வா. சும்மாதானே உக்காந்திருக்கே."

சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போனேன்.

வெளியே வந்தால் ஆற்காடு ரோடு. பலகையில் என்.எஸ்.கே. சாலை என்று இருக்கிறது. அப்படிச் சொன்னால் ஆட்டோக்காரர் நம்மை ஊருக்குப் புதுசு என்று முடிவு கட்டிவிடுவார். நாலு மணி வெயில். மெட்ரோவின் அடுத்த பாதைக்காக நட்ட தூண்கள் சாலை நெடுக நிற்கின்றன. நடக்கிறவர்களுக்கு அப்போதைக்கு அவற்றால் கிடைத்திருந்தது நிழல். ஒரு தூண் நிழலிலிருந்து அடுத்த தூண் நிழலுக்கு என்று தாவித் தாவித்தான் போனேன். மருத்துவமனை, கொஞ்ச தூரத்தில் பெரிய ஹோட்டல், அதையொட்டி மால். ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோ என்று பெயர் வாங்கிய இடம் இப்படி மூன்று உருவம் எடுத்து நிற்கிறது.

இந்த இடத்தின் சொந்தக்காரர் பொம்மிரெட்டி நாகிரெட்டி. 1912 டிசம்பர் 2ஆம் தேதி கடப்பை மாவட்டத்தின் பொட்டிப்பாடு கிராமத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பம், கூடவே வியாபாரமும் உண்டு. பர்மாவுக்கு வெங்காயம் ஏற்றுமதி செய்த குடும்பம் அது. கையில் ஒன்றுமில்லாமல் சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்கினார் என்று கதை கட்டத் தேவையில்லை. அண்ணன் பி.என்.ரெட்டி அவருக்கு முன்பே சினிமாவில் பெயர் வாங்கிய இயக்குநர். வாகினி ஸ்டூடியோவைத் தொடங்கியவரும் நாகிரெட்டி இல்லை. அனந்தபூர் பக்கத்துச் செல்வந்தர் மூலா நாராயணசாமி, பி.என்.ரெட்டியோடு சேர்ந்து தொடங்கியது. நாராயணசாமிக்குக் காலம் சரியில்லாமல் போனபோது, நாகிரெட்டி முதலில் குத்தகைக்கு எடுத்தார். பிறகு சொந்தமாக்கிக்கொண்டார். நாகிரெட்டியின் விஜயாவும் நாராயணசாமியின் வாகினியும் சேர்ந்து விஜயா வாகினி ஆயின. ஆக, தானாக எழுந்தவர் என்றால் எந்த அர்த்தத்தில் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏணி இருந்தது. ஆனால் ஏணி இருந்த குடும்பங்கள் அந்தக் காலத்து மெட்ராஸில் நிறைய. அதில் எத்தனை பேர் மேலே போனார்கள்?

என் கணக்கில் நாகிரெட்டி அடிப்படையில் சினிமாக்காரர் இல்லை, அச்சகக்காரர். பி.என்.கே. பிரஸ்தான் அவர் தொழில் பழகிய இடம். இதை நான் சொல்வதற்குக் காரணம் மாமா, அதாவது அத்தையின் கணவர். மாயவரத்தில் ட்ரெடில் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் அடித்துப் பிழைத்தவர். "பிளாக்குக்குத்தான்டா காசு. அது வந்துட்டா அப்புறம் ஓட ஓட லாபம்" என்பார். முதல் பிரதிக்குத்தான் செலவெல்லாம். ஆயிரமாவது பிரதிக்குக் காகிதமும் மையும் ஆள் கூலியும் போதும். இந்த ஒரு வரிக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நாகிரெட்டி செய்தவற்றைப் பார்த்தால் எல்லாம் ஒரே ஆளின் வேலை என்று பிடிபடுகிறது.

1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்பு, அவரும் நண்பர் சக்கரபாணியும் ஒரு குழந்தைகள் பத்திரிகை தொடங்கினார்கள். தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’. பிறகு கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம் என்று போய்க்கொண்டே இருந்தது. தெலுங்கில் கொடவட்டிகண்டி குடும்பராவ் நடத்திக் கொடுப்பார், மற்ற மொழிகளுக்குப் பெயர்த்துக்கொள்வார்கள். படம் எல்லா மொழிக்கும் ஒன்றே. தோளில் பிணம், கையில் உருவிய வாள், முருங்கை மரத்தை விட்டு விறுவிறுவென்று நடக்கும் விக்கிரமாதித்தன் – சங்கர் வரைந்த அந்தப் படம் மராத்திக் குழந்தைக்கும் மாயவரத்துக் குழந்தைக்கும் ஒன்றுதான். பக்கத்தில் உள்ள எழுத்து மட்டும் மாறும். பிளாக் ஒன்று, பத்திரிகை பத்து.

மாமா மாதாமாதம் அம்புலிமாமா வாங்குவார். கதை படிக்க இல்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன லென்ஸை எடுத்து அட்டைப் படத்தின் மேல் வைத்து, சிவப்பும் மஞ்சளும் இம்மியாவது விலகியிருக்கிறதா என்று பார்ப்பார். விலகியிருக்காது. "வடபழனிக்காரன் அடிச்சா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு எங்களிடம் தருவார். அதற்கப்புறம்தான் வேதாளம் எங்களுக்கு. ‘சந்தமாமா பில்டிங்ஸ், வடபழனி, மெட்ராஸ் 26’ என்ற முகவரி எனக்கு இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். பத்திரிகை 2007இல் வேறு கைக்குப் போய், சில வருஷத்தில் நின்றும் போனது. அத்தைக்கும் அம்புலிமாமாவுக்கும் ஒரே வயது. அத்தை இருக்கிறாள்.

மாலுக்குள் நுழைந்தேன். பையைப் பெட்டிக்குள் அனுப்பி, கையை விரித்து நின்று, உள்ளே போனதும் குளிர் முகத்தில் அடித்தது. 2013இல் திறந்தபோது ஃபோரம் விஜயா, இப்போது நெக்ஸஸ் விஜயா. பெயரின் முன்பாதி மாறினாலும் விஜயா மட்டும் நிற்கிறது. நீல உடுப்பில் நின்ற காவலாளியிடம் கேட்டேன்.

"இங்க ஷூட்டிங் நடந்த ஃப்ளோர் எதுன்னு தெரியுமா?"

"ஷூட்டிங்கா? எந்த ஃப்ளோர் சார்? செகண்ட் ஃப்ளோரா?"

"அந்த ஃப்ளோர் இல்லப்பா. அந்தக் காலத்து ஸ்டூடியோ ஃப்ளோர்."

அவருக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். வடகிழக்கு முகம், ஆனால் தமிழ் நன்றாக வருகிறது. யோசித்துவிட்டு, "தியேட்டர் மேல இருக்கு, லிஃப்ட்ல போங்க" என்றார். பொறுப்பான பதில்தான். மேலே ஒன்பது திரைகள் இருக்கின்றன. படம் எடுத்த இடத்தில் இப்போது படம் காட்டுகிறார்கள்.

உணவுக்கூடத்தில் ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்மேஜையில் ஐந்து பையன்கள் ஒரு பெரிய பிரியாணிப் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து பேச்சில்லாமல் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு எஸ்.வி.ரங்காராவ் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? கடோத்கஜனாக அவர் சப்பணம் போட்டு உட்கார, லட்டுகள் தாமாக எழும்பி வாய்க்குள் போகுமே, அந்த ‘மாயா பஜார்’ எடுத்தது இந்த வளாகத்தில்தான். 1957. மார்ச் மாதம் தெலுங்கில் வந்தது, ஏப்ரலில் தமிழில். என்.டி.ராமராவ், சாவித்திரி, ரங்காராவ் இரண்டிலும் உண்டு. அபிமன்யு மட்டும் அங்கே நாகேஸ்வரராவ், இங்கே ஜெமினி கணேசன். லைட்மேன், தச்சர், பெயின்டர் என்று சுமார் 400 பேர் வேலை செய்த படம் என்பார்கள். கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும் துவாரகையைக் குட்டிக் குட்டி வீடுகளாகவே கட்டினார்கள். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி ஸ்டூடியோ விளக்கையே நிலா வெளிச்சமாக்கினார். 2013இல் இந்திய சினிமாவின் நூற்றாண்டையொட்டி ஒரு தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் இந்தியாவின் தலைசிறந்த படம் என்று இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வருஷம் அதே மண்ணில் நிஜமாகவே ஒரு மாய பஜார் திறந்தது என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது. சொல்லிவிட்டேன், மேலே போகலாம்.

நான் பார்ப்பது அந்தத் துவாரகையை. ஒரு தடவை கட்டிய நகரம், இரண்டு படத்துக்கு ஆயிற்று. செட் ஒன்று, கேமரா ஒன்று, இயக்குநர் ஒருவர். காலையில் தெலுங்கு வசனம் என்றால் அடுத்தது தமிழ் வசனம். ‘பாதாள பைரவி’யும் (1951) இப்படித்தான், ‘மிஸ்ஸியம்மா’வும் (1955) இப்படித்தான். அம்புலிமாமாவின் கணக்குத்தான் இது. படம் அப்படியே இருக்க, எழுத்து மாறுகிறது. ‘எங்க வீட்டுப் பிள்ளை’ இன்னும் வேடிக்கை. தெலுங்கில் வேறொரு தயாரிப்பாளர் எடுத்த ‘ராமுடு பீமுடு’வின் கதையை வாங்கித் தமிழில் எம்.ஜி.ஆரை வைத்து எடுத்தார் நாகிரெட்டி. இரண்டே வருஷத்தில் திலீப்குமாரை வைத்து இந்தியில் ‘ராம் அவுர் ஷியாம்’. கதையே ஒரு முகத்துக்கு இரண்டு பிரதி பற்றியதுதானே!

சிக்கனம் என்றால் கஞ்சத்தனம் இல்லை. முதல் பிரதியைச் சரியாகச் செய்வதற்கு நாகிரெட்டியும் சக்கரபாணியும் காசும் பார்க்கவில்லை, முகமும் பார்க்கவில்லை. ‘மிஸ்ஸியம்மா’வின் தெலுங்கு வடிவமான ‘மிஸ்ஸம்மா’வுக்கு முதலில் பானுமதிதான் நாயகி. நாலு ரீல் எடுத்தாகிவிட்டது. ஒருநாள் பூஜை முடித்துத் தாமதமாக வந்ததில் சக்கரபாணிக்கும் அவருக்கும் தகராறு. மன்னிப்புக் கடிதம் கேட்டார் இவர், மறுத்தார் அவர். எடுத்த ரீல்களை சக்கரபாணி கொளுத்திவிட்டார் என்று சினிமாக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். இரண்டாவது நாயகியாக இருந்த சாவித்திரி முதல் நாயகியானார். அந்தப் படத்துக்குப் பிறகு சாவித்திரி எங்கே போய் நின்றார் என்று நமக்குத் தெரியும். பிளாக் கோணல் என்று தெரிந்தால் உடைத்துப் போட்டுவிட்டு வேறு செய்வது அச்சகக்காரன் வழக்கம். நாலு ரீலை எரிப்பது சரியா என்று கேட்டால், எனக்குக் கொஞ்சம் அதிகம் என்றுதான் படுகிறது. ஆனால் படம் நிலைத்துவிட்டது, நான் என்ன சொல்ல?

நட்சத்திரங்களையும் அவர்கள் மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ராமராவே ஆரம்பத்தில் விஜயாவின் சம்பளப் பட்டியலில் இருந்தவர். விஜயாவின் முதல் படம் 1950இல் வந்த ‘ஷாவுகாரு’. அதில் அறிமுகமான பெண்ணுக்குப் படத்தின் பெயரே முன்னால் ஒட்டிக்கொண்டது. சௌகார் ஜானகி என்றால்தான் நமக்குத் தெரியும்.

காபி ஆறிவிட்டது. கேட்க வந்த கேள்வி அப்படியே இருந்தது. வெளியே வந்து, மாலுக்குப் பின்பக்கமாகப் போகும் ஒரு சந்தில் டீக்கடை கண்ணில் பட்டது. பாய்லர் பக்கத்து ஸ்டூலில் ஒரு பெரியவர். கட்டம் போட்ட லுங்கி, காதில் பென்சில். கடை மகனுடையது, கணக்கு இவருடையது. ஸ்டூடியோ என்றதும் நிமிர்ந்தார்.

"எழுபது, எழுபத்தொண்ணுல உள்ள டீ எடுத்துட்டுப் போற பையன் நானு. தூக்குல இருபது கிளாஸ். கீழ ஒரு சொட்டு ஒழுவக்கூடாது, செட்டு பாழாப் போயிடும்னு அடிப்பாங்க."

"யாரெல்லாம் பாத்திருக்கீங்க?"

"எல்லாரையும்தான். ஆனா நிமிந்து பாக்க விடமாட்டாங்க. காலைப் பாத்தே யாருன்னு சொல்லுவேன்." சிரித்தார். "ஒரு ஃப்ளோர்ல தெலுங்கு, ஒரு ஃப்ளோர்ல தமிழு, அந்தாண்ட இந்தி. டீ ஒண்ணுதான் சார், எல்லாத்துக்கும்."

நான் முக்கால் மணி நேரமாக யோசித்துக் கண்டுபிடித்ததை அவர் தூக்குவாளியில் வைத்திருந்தார்.

‘எங்க வீட்டுப் பிள்ளை’ எந்த ஃப்ளோர் என்று கேட்டேன். அது அவர் காலத்துக்கு முந்தியது. "கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவான் சார். எல்லா ஃப்ளோரும் ஒரே மாதிரிதான் இருக்கும். நாலு செவுரு, மேல தகரம், உள்ள இருட்டு. வெளக்குப் போட்டாத்தான் அது அரமணையா குடிசையான்னு தெரியும்."

ஸ்டூடியோக்கள் அழிந்துபோனது பற்றி ஒரு பாட்டம் புலம்புவது நம் சினிமாக் கட்டுரைகளில் வழக்கம். எனக்கு அந்தத் துக்கம் அவ்வளவாக வருவதில்லை. வெளிப்புறப் படப்பிடிப்புக்கு எல்லோரும் போய்விட்டார்கள், தெலுங்கு சினிமா ஹைதராபாத்துக்கு நகர்ந்துவிட்டது. இருட்டாக நாலு சுவரை வைத்துக்கொண்டு யாருக்காகக் காத்திருப்பது? நாகிரெட்டி காத்திருக்கவில்லை. அதுவும், ஸ்டூடியோ சாகும்வரை பொறுத்திருந்து செய்ததில்லை. படங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1972இல், விஜயா மெடிக்கல் அண்டு எஜுகேஷனல் டிரஸ்ட்டின் பேரில் மருத்துவமனையைத் தொடங்கிவிட்டார்.

1972 என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அப்பல்லோ வருவதற்கு இன்னும் 11 வருஷம் இருந்தது. கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கத்தில் லைட்மேன் ஒருவர் பரணிலிருந்து விழுந்தால் கீழ்ப்பாக்கத்துக்கோ ராயப்பேட்டைக்கோ சென்ட்ரல் பக்கத்துப் பெரியாஸ்பத்திரிக்கோதான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பரண் என்றால் ஃப்ளோரின் உச்சியில் விளக்கு கட்டும் மரச்சட்டம். அதில் ஏறி இறங்கும் ஆட்கள் நூற்றுக்கணக்கில் குடியிருந்த பகுதி இது. அங்கே ஒரு பெரிய மருத்துவமனை வந்தது என்றால் அதை வெறும் முதலீடு என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. முழுக்கத் தர்மம் என்றும் எழுத முடியாது. பில் உண்டு, கவுன்ட்டர் உண்டு, அத்தையின் பையில் இன்ஷூரன்ஸ் அட்டையும் உண்டு. 1987இல் விஜயா ஹெல்த் சென்டர், 1996இல் இதயநோய்க்கு விஜயா ஹார்ட் ஃபவுண்டேஷன் என்று வளர்ந்துகொண்டே போனது. தர்மத்துக்கும் தொழிலுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதற்குத் தமிழில் நல்ல சொல் இல்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிகிறது. அவருடைய பழைய கணக்கு இங்கே செல்லாது. ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் வயிற்றுவலி. ஒருவருக்குச் செய்த பிளாக்கை அடுத்தவருக்கு ஓட்ட முடியாது. வாழ்நாள் முழுக்கப் பிரதி எடுத்துச் சம்பாதித்தவர், அறுபது வயதில், பிரதியே எடுக்க முடியாத ஒரு தொழிலில் போய் இறங்கியிருக்கிறார்.

அதற்குப் பிறகும் உட்காரவில்லை. 1980களின் தொடக்கத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தலைவராக இருந்தார். வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயரையும் சேர்த்துத்தான் பேசுகிறார்கள். டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் ஜனம் முண்டியடிப்பதை முப்பது வருஷம் பார்த்த கண்ணுக்கு, மலைமேல் நிற்கிற ஜனத்தை எப்படி உட்கார வைப்பது என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1986ஆம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது அவருக்கு. அண்ணன் பி.என்.ரெட்டிக்கு 1974க்கான விருது. ‘மிஸ்ஸியம்மா’ இயக்கிய எல்.வி.பிரசாதுக்கு 1982க்கானது. ஒரே வளாகத்தில் டீ குடித்த மூன்று பேர். நாகிரெட்டி 2004 பிப்ரவரியில், 91 வயதில், காலமானார்.

டீக்குக் காசு கொடுத்தேன். பெரியவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து நோட்டில் எதையோ குறித்தார். பத்து ரூபாய் டீக்கு என்ன குறிப்பு என்று தெரியவில்லை. பழக்கம் போலிருக்கிறது.

திரும்பி வரும்போது ஐந்தே முக்கால். தூண்களின் நிழல் நீண்டு சாலையைத் தாண்டிப் போயிருந்தது. அத்தை அதே நாற்காலியில் இருந்தாள், ஆனால் தனியாக இல்லை. பக்கத்து நாற்காலிக்காரரும் அவர் மனைவியும் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்க, அத்தை அவர்களுக்கு ‘மிஸ்ஸியம்மா’ கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை கிடைப்பதற்காகப் புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லி வாத்தியார் வேலைக்குச் சேருகிற கட்டத்தில் கதை இருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"கேட்டியா? எந்த எடமாம்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எல்லா ஃப்ளோரும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று பெரியவர் சொன்னது காதில் இருந்தது.

"இதேதான் அத்தை. நீ உக்காந்திருக்கியே, இந்த எடந்தான்."

அத்தை குனிந்து தரையைப் பார்த்தாள். வெள்ளை டைல்ஸ். யாரோ காபி சிந்தித் துடைத்த தடம் லேசாகத் தெரிந்தது. செருப்புக் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.